அடினாய்டு எடுத்த அன்று உங்கள் பிள்ளைக்கு என்ன நடந்தது?

5 வயதுப் பையனின் அம்மா

மூன்று வருடக் குறட்டை, எந்நேரமும் திறந்த வாய். எக்ஸ்ரேயில் மூக்குக்குப் பின்னால் இருக்கும் அடினாய்டு சதை மூச்சு வழியை ஏறக்குறைய அடைத்திருந்தது. எடுத்துவிட்டோம், அரை மணி நேரம்கூட ஆகவில்லை. மனதை விட்டுப் போகாதது அதற்கப்புறம் நடந்ததுதான். மயக்கம் தெளிந்ததும் "அம்மா எங்கே, அம்மா எங்கே" என்று கத்தினான், என் மடியில் இருந்துகொண்டே. என் முகத்தைப் பிடித்துத் தள்ளினான். 20 நிமிடம். பிறகு தூங்கி எழுந்து தண்ணீர் கேட்டான், அவனுக்கு எதுவும் ஞாபகம் இல்லை. இப்படி நடக்கலாம் என்று யாராவது முன்பே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

ஒரு அப்பா

எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள், அதனால் அதைச் சமாளித்துவிட்டோம். ஆபரேஷன் முடிந்தும் ஒரு வாரம் மகளுக்குக் குறட்டை குறையவில்லை, வாய் நாற்றம் வேறு. உள்ளே வீக்கம் வடிகிறவரை அப்படித்தானாம். பத்தாம் நாள் ராத்திரி விழித்தேன், அறையில் சத்தமே இல்லை. பதறிப்போய் மூக்கருகே புறங்கையை வைத்தேன். இரண்டு துவாரத்திலும் காற்று, சூடாக, சீராக. உதடுகள் மூடியிருந்தன. மூடிய உதட்டோடு அவள் தூங்கி நான் பார்த்ததே கிடையாது. வெகுநேரம் கையை எடுக்க மனம் வரவில்லை.

8 வயதுப் பெண்ணின் பெரியம்மா

முதலில் எழுதியவர் அவசரப்பட்டுவிட்டாரோ என்று தோன்றுகிறது. இந்தச் சதை 7 வயதுக்கு மேல் சுருங்க ஆரம்பித்து, பதின்ம வயதில் அநேகமாக இல்லாமலே போய்விடும். எங்கள் பெண்ணுக்கு ஸ்டீராய்டு ஸ்பிரேயிலேயே சரியானது. நிறையப் பேர் அதைத் தப்பாக அடிக்கிறார்கள். முனை மூக்கின் நடுத்தண்டைப் பார்க்கக் கூடாது, அந்தந்தப் பக்கத்துக் காதை நோக்கிச் சாய்ந்திருக்க வேண்டும். அடித்ததும் பலமாக உறிஞ்சக் கூடாது. ரெண்டு நாளில் கேட்கவில்லை என்று நிறுத்தாமல், டாக்டர் சொன்ன வாரங்கள் முழுக்க அடிக்க வேண்டும். அலர்ஜி இருந்தால் அதையும் பாருங்கள், இல்லாவிட்டால் சதையை எடுத்த பிறகும் மூக்கு அடைக்கும். எடுத்தே ஆக வேண்டுமென்றால், ஆடுகிற பால்பல் இருப்பதை மயக்க மருந்து டாக்டரிடம் சொல்லுங்கள், வாய் வழியாகத்தான் எடுப்பார்கள். உள்நாக்கு நுனி பிளந்திருந்தால் அதையும் கட்டாயம் சொல்லுங்கள், பின்னால் பேசும்போது காற்று மூக்கு வழியாகக் கசிந்து பேச்சு மூக்கால் வரும் அபாயம் உண்டு.

காத்திருந்த அம்மா

தானாகச் சுருங்கும் என்று 2 வருடம் பொறுத்தவள் நான். தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வந்தது. நெஞ்சுக்குழி உள்ளே இழுக்கும், சத்தம் இருக்காது. நான் எண்ணுவேன். ஒரு ராத்திரி 12 வரை எண்ணினேன். அப்புறம் ஒரு திணறல், உடம்பே தூக்கிப்போட்டு மூச்சு வந்தது. அதைப் போனில் எடுத்துக் காட்டினேன். டாக்டர் பாதி பார்த்ததுமே தேதி குறித்தார். அந்தப் பிள்ளையிடம் 7 வயதுவரை பொறு என்று சொல்ல முடியுமா?

5 வயதுப் பையனின் அம்மா

ஸ்பிரே நாங்களும் 3 மாதம் அடித்தோம். மற்றவர்களுக்கும் மயக்கம் தெளியும்போது இப்படி ஆனதா, எவ்வளவு நேரம், எதற்கு அடங்கினார்கள் என்று சொல்லுங்கள். அடுத்த மாதம் சின்னவளுக்குத் தேதி வைத்திருக்கிறோம்.