பாம்பு எந்த வளையில் இருக்குன்னு இருளர்களுக்கு எப்படித் தெரியும்?

செங்கைவாசி:
போன ஞாயிறு பையனோட வடநெம்மேலியில இருளர் பழங்குடிக்காரங்க நடத்தற பாம்புப் பண்ணைக்குப் போயிருந்தேன். மண்பானையிலிருந்து கண்ணாடி விரியனை எடுத்து, வாயில சவ்வு கட்டின கண்ணாடிக் குப்பியைக் கடிக்கவிட்டு விஷம் எடுத்தாங்க. "காட்டுல இத்தனை வளை இருக்கே, பாம்பு எதுல இருக்குன்னு எப்படிப்பா கண்டுபிடிப்பாங்க?"ன்னு கேட்டான். எனக்குப் பதில் தெரியலை. கிட்ட இருந்து பார்த்தவங்க சொல்லுங்களேன்.

வரப்புக்காரி:
நான் பார்த்திருக்கேன். திருப்போரூர் பக்கம் எங்க நிலம். அறுப்பு முடிஞ்சதும் எலி பிடிக்க ஒரு இருளர் அக்கா வருவாங்க, நான் பின்னாடியே ஓடுவேன். வளை வாயில சிலந்தி வலை இருந்தா நிக்கவே மாட்டாங்க. ஓரத்து மண்ணு வழவழன்னு தேஞ்சிருந்தா குந்திடுவாங்க. ஒரு தடவை நகத்தளவு பாம்புச் சட்டைத் துண்டை எடுத்து வெயில்ல தூக்கிப் பார்த்தாங்க. "நல்லது இருக்கு, தள்ளி நில்லு பாப்பா"ன்னாங்க. நல்ல பாம்பைத்தான் அப்படிச் சொல்வாங்க. அப்புறம் சின்னக் கடப்பாரையால கொஞ்சம் கொத்தறது, கையால மண்ணை அள்ளறது, மறுபடி கொத்தறது. அவசரமே இருக்காது. எலி வளைன்னா உள்ளே எலி சேர்த்து வெச்ச நெல்லும் அவங்களுக்குத்தான்.

ஏரிக்கரை:
அந்தக் கண்ணுதான் ஒரு காலத்துல பாம்புத் தோல் வியாபாரத்துக்குப் போச்சு. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்கு அப்புறம் அந்தப் பிழைப்பு போயிடுச்சு. 1978-ல பாம்பு பிடிக்கிற இருளர்களுக்குன்னு கூட்டுறவுச் சங்கம் வந்தது. பாம்பு ஆராய்ச்சியாளர் ரோமுலஸ் விட்டேக்கர் முன்னின்று செஞ்சது. நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நாலையும் உயிரோட பிடிச்சு, விஷம் எடுத்து, திரும்பக் காட்டுலயே விட்டுடறாங்க. அந்த விஷத்தைத் துளித்துளியா குதிரைக்கு ஏத்தித்தான் கடிக்கு மருந்து தயாராகுது. 2017-ல இருளர்களான மாசி சடையனும் வடிவேல் கோபாலும் அமெரிக்காவுல ஃபுளோரிடா போய், அங்கே பெருகிக் கிடந்த பர்மிய மலைப்பாம்புகளைத் தேடிப் பிடிச்சாங்க. அதுவரை கால் வைக்காத மண்ணு அது! 2023-ல ரெண்டு பேருக்கும் பத்மஸ்ரீ. பையன்கிட்ட இதையும் சொல்லுங்க.

செங்கைவாசி:
படிச்சுக் காட்டிட்டேன். அந்த அக்கா இப்பவும் வர்றாங்களான்னு கேக்கறான்.

வரப்புக்காரி:
இல்லைப்பா. எங்க நிலத்துக்கு அக்கம்பக்கம் எல்லாம் மனைக்கல் நட்டாச்சு. அறுப்பும் இல்லை, எலியும் இல்லை. அக்கா பொண்ணு கட்டட வேலைக்குப் போகுது. போன மாசம் பார்த்தப்போ, வளை பார்க்கத் தெரியுமான்னு கேட்டேன். "அம்மா கூடப் போனது ரெண்டே தடவைதான்"னு சொல்லுச்சு.