12 யூனிட்டுக்கு 321 ரூபாய்: மீட்டர் விளக்கை எண்ணிய கதை

உறையூர்வாசி:

2023 ஜூனில் கரண்டு ரீடிங் எடுக்க வந்தவர் அட்டையில் எழுதிவிட்டு, "ஐநூறைத் தாண்டிட்டீங்க சார்" என்றார். இரண்டு மாதத்துக்கு 512 யூனிட். ஏசி கூட இல்லாத வீடு. 500இல் நின்றிருந்தால் 1725 ரூபாய். வந்த பில் 2046. 500ஐத் தாண்டிவிட்டால் 101 முதல் 200 வரையிலான யூனிட்டுக்கும் 2.25க்குப் பதில் 4.50 என்று பின்னால் போய்ப் பிடித்துக்கொள்வார்கள். இது 2022 செப்டம்பரில் வந்த ரேட். பிறகு கூடியிருக்கிறது, ஆனால் அந்த 500 கோடு அப்படியேதான் நிற்கிறது.

வழக்கம்போல வீட்டில் விசாரணை நடந்தது. பையன் ஃபேனை அணைப்பதில்லை, நான் மோட்டாரை மறந்துவிடுகிறேன், இப்படி. அன்று ராத்திரி எல்லா சுவிட்சையும் அணைத்து, ஃப்ரிட்ஜ், செட்டாப் பாக்ஸ் பிளக்குகளையும் பிடுங்கிவிட்டு மீட்டர் பெட்டியைத் திறந்தேன். சின்னச் சிவப்பு விளக்கு மினுக்கிக்கொண்டே இருந்தது. ஒன்றுமே ஓடவில்லை, அப்புறம் ஏன் மினுக்குகிறது?

மீட்டர் முகப்பிலேயே ஒரு யூனிட்டுக்கு இத்தனை துடிப்பு, அதாவது மினுக்கல், என்று அச்சிட்டிருக்கும் (என்னுடையதில் 3200). டார்ச்சைப் பிடித்துக்கொண்டு எண்ணினேன், நிமிடத்துக்கு 6. மணிக்கு 360, அதை 3200ஆல் வகுத்தால் 0.11 யூனிட் சொச்சம். கிட்டத்தட்ட 110 வாட் யாரும் கேட்காமலே போய்க்கொண்டிருக்கிறது. 24 மணி நேரம், 60 நாள் என்று பெருக்கினால் 160 யூனிட்!

மிச்சம் இருந்தது இன்வெர்ட்டர் மட்டும். அதன் பிளக்கைப் பிடுங்கினேன், மினுக்கல் நின்றது. பேட்டரியில் கை வைத்தால் கரண்டே போகாத நாளில் கூட இளஞ்சூடு. மாதம் தவறாமல் டிஸ்டில்டு வாட்டர் குடித்துக்கொண்டிருந்தபோதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். எலக்ட்ரீஷியன் வந்து, "ஆறு வருசம் உழைச்சிருக்குண்ணே, இனி இது சார்ஜே பிடிக்காது, ராத்திரி பகலா இழுத்துக்கிட்டேதான் இருக்கும்" என்றார்.

புது பேட்டரி பதினாலாயிரம். அடுத்த ரீடிங் 374 யூனிட், 1008 ரூபாய். முழுப் பெருமையும் பேட்டரிக்கே என்று சொல்ல மாட்டேன், ஆடிக்காற்றுக்கும் பங்கு உண்டு. ஆனாலும் மினுக்கலை எண்ணாமல் விட்டிருந்தால் பையனை இன்னும் திட்டிக்கொண்டுதான் இருந்திருப்பேன்.

பொள்ளாச்சிக்காரி:

எங்கள் வீட்டில் குற்றவாளி ஃபேன்தான். பழைய சீலிங் ஃபேன் 75 வாட், இப்போது வரும் பிஎல்டிசி (பிரஷ் இல்லாத டிசி மோட்டார்) ஃபேன் 28 முதல் 35 வாட். ஹாலில் தினம் பதினைந்து மணி நேரம் சுற்றுகிறது என்றால் இரண்டு மாதத்துக்கு 67 யூனிட் எங்கே, 25 முதல் 31 யூனிட் எங்கே. ஹாலுக்கும் அம்மா படுக்கும் அறைக்கும் மட்டும் மாற்றினோம். விருந்தாளி வந்தால் மட்டும் ஓடும் ஃபேனுக்கு மூவாயிரம் போடுவது வீண்.

ஆனால் ஒன்று, அம்மா புது ஃபேனின் ரிமோட்டைத் தொடவே மாட்டார். சுவிட்சைத்தான் தட்டுவார். நாங்கள் வாங்கிய மாடலில் சுவிட்சை வேகமாக அணைத்துப் போட்டால் வேகம் ஒரு படி மாறும். ராத்திரி இரண்டு மணிக்கு டக், டக், டக் என்று கேட்டால் அம்மாவுக்குக் குளிர்கிறது என்று அர்த்தம். வாங்கும்போது இந்த வசதி இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள், இல்லாவிட்டால் வயதானவர்கள் பாடு கஷ்டம்.

தாம்பரம் சித்தப்பா:

மோட்டாரையும் பாருங்கள். எங்கள் ஒரு ஹெச்பி மோட்டார் 25 நிமிடத்தில் தொட்டியை நிரப்பும். போன வருடம் அது 50 நிமிடமாகியும் யாரும் கவனிக்கவில்லை. ஃபுட் வால்வில் (தண்ணீர் உறிஞ்சும் குழாயின் அடியில் இருக்கும் வால்வு) மண் அடைத்துக்கொண்டிருந்தது. பிளம்பருக்கு 400 கொடுத்தேன், சரியாகிவிட்டது.

மேலப்பாளையம் மருமகள்:

உறையூர் அண்ணா சொன்ன மினுக்கல் கணக்கை வைத்து நான் வேறொன்றைப் பிடித்தேன். எங்கள் மாமா பொருட்காட்சியில் 999 ரூபாய்க்கு ஒரு 'பவர் சேவர்' வாங்கி வந்திருந்தார். பிளக்கில் செருகினால் பச்சை விளக்கு எரியும், பில் பாதியாகும் என்றார்களாம். மூன்று ஃபேனை மட்டும் ஓடவிட்டு, பெட்டியோடு ஐந்து நிமிடம் எண்ணினேன், 61. பெட்டியைக் கழற்றிவிட்டு எண்ணினேன், அதே 61. உள்ளே கெப்பாசிட்டர்தான் இருக்குமாம். ஃபேன், மோட்டாருக்காக லைனில் வீணாக வந்து போகும் கரண்டை அது கொஞ்சம் குறைக்கலாம், ஆனால் வீட்டு மீட்டர் அந்தக் கரண்டுக்குக் காசு போடுவதில்லை, நிஜமாகச் செலவான யூனிட்டுக்குத்தான் போடுகிறது.

மாமாவிடம் இன்னும் சொல்லவில்லை. தினம் காலையில் பச்சை விளக்கு எரிகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் டீ குடிக்கிறார்.

அப்புறம் ஒரு சந்தேகம். மாடி வீட்டு மீட்டரில் 1600 என்று போட்டிருக்கிறது. அங்கே எப்படிக் கணக்குப் போடுவது?

உறையூர்வாசி:

1600ஆல் வகுத்துக்கொள்ளுங்கள் தங்கச்சி. அங்கே ஒரு மினுக்கல் உங்கள் வீட்டு இரண்டு மினுக்கலுக்குச் சமம். மாமா விஷயத்தில் நான் தலையிடவில்லை.