புதுப்பிப்பு: லுவார் மாளிகைகளில் வசந்தகால நீர்வண்ணம்

ஏப்ரல், மே மாதங்களில் பிரான்சின் லுவார் பள்ளத்தாக்கில் வரைய என்னென்ன பொருள்கள் வேண்டும் என்று முன்பு இந்த இழையில் எழுதியிருந்தேன். அதற்குப் பிறகு அதிகம் கேட்கப்பட்டது: படத்தில் வெள்ளைக் கல் ஏன் சேறுபோல அழுக்கு நிறமாகிறது?

அங்குள்ள சுவர்கள் டுஃபோ என்ற மென்மையான சுண்ணாம்புக்கல். வெயில் படும் பக்கத்தை வெறும் தாளாகவே விடுங்கள். மிஞ்சிப்போனால், நன்றாக நீர்த்த மஞ்சள் ஓக்கர் போதும். நிழலுக்கு அல்ட்ராமரின் (நீலம்) 3 பங்கு, பர்ன்ட் சியென்னா (செம்பழுப்பு) 1 பங்கு. ஒரே வீச்சில் பூசிவிட்டுக் கையை எடுத்துவிட வேண்டும். பாதி காய்ந்த பூச்சில் மறுபடி தூரிகை வைப்பதால்தான் சேறாகிறது. அதே கலவை கெட்டியாக இருந்தால் ஸ்லேட் கூரைக்கு ஆகும். கறுப்பு வண்ணக் குழாய் தேவையே இல்லை.

ஆற்றங்கரை ஈரத்தில் 300 கிராம் (சதுர மீட்டருக்கு) பருத்தித் தாள் மெதுவாகத்தான் காயும். இரண்டு தாள்களை மாற்றி மாற்றி வரையுங்கள்.

ஷெனோன்சோ மாளிகையில் செர் ஆற்றின் மேலுள்ள கூடத்துக்குக் காலையில் டயான் தோட்டப் பக்கமும், பிற்பகலில் கேத்தரின் தோட்டப் பக்கமும் வெளிச்சம் கிடைக்கும். வில்லாண்ட்ரி மாளிகையின் காய்கறித் தோட்டத்தில் 9 சதுரங்கள். மேலிருந்து வரையும்போது தூரத்துச் சதுரங்களைப் பட்டையாக நசுக்குங்கள். உயரமாகப் போட்டால் தோட்டம் சுவர்போல நிமிர்ந்துவிடும்.

வாசனைத் திரவிய வணிகர் ஃபிரான்சுவா கொட்டி கட்டிய ஆர்த்திஞி மாளிகை இப்போது ஓட்டல். இத்தகைய இடங்களின் உள்ளே பென்சிலும் நீர் நிரப்பிய தூரிகையும் மட்டும் போதும். கம்பளத்துக்குப் பக்கத்தில் தண்ணீர்க் குவளை வேண்டவே வேண்டாம்.