ரிலே வால்வை மாற்றியும் காற்று போவது நிற்கவில்லை

சேண்பாக்கம் லாரி:
அண்ணன்களே, வண்டி பத்து சக்கரம். ஒரு மாதமாகப் பின் ஆக்சில் பக்கம் இருக்கிற, பின் சக்கர பிரேக்குக்குக் காற்றை விடுகிற ரிலே வால்வின் அடிவாயில் உஸ்ஸென்று காற்று போய்க்கொண்டே இருக்கிறது. போன வாரம் மெக்கானிக் புது வால்வே போட்டுவிட்டார், காசும் போச்சு, உஸ் சத்தம் அப்படியே இருக்கிறது. ராத்திரி நிறுத்தி வைத்தால் காலையில் காற்று அழுத்த முள் பெரிதாக இறங்குவதில்லை, ஓட்டும்போதுதான் 8 கிலோ ஏறவே மாட்டேன் என்கிறது. வியாழக்கிழமை பேரணாம்பட்டு மலைப்பாதை ஏறி வி.கோட்டாவுக்கு லோடு போகணும், பயமாக இருக்கிறது. என்ன பண்ணலாம்?

ஆற்காடு டிப்பர்:
டூப்ளிகேட் வால்வு மாட்டியிருப்பார்கள். வேறென்ன.

பழைய ஸ்பேனர்:
அவசரப்பட்டு வால்வு மேல் பழி போடாதீங்க. தம்பி, பதிலை நீங்களே எழுதிவிட்டீர்கள். ராத்திரி ஹேண்ட் பிரேக் போட்டுத்தானே நிறுத்துகிறீர்கள்? அப்போது ஸ்பிரிங் பூஸ்டரின் (சக்கரத்துப் பக்கம் பிரேக்கைத் தள்ளுகிற இரண்டு அறை டப்பா) பின் அறையில் காற்றே இருக்காது, அங்கே இருக்கிற ஸ்பிரிங்தான் பிரேக்கைப் பிடித்திருக்கும். ஹேண்ட் பிரேக்கை எடுத்ததும்தான் அந்த அறைக்குள் காற்று போய் ஸ்பிரிங்கை அழுத்திப் பிடிக்கிறது. நடுச்சுவரில் தண்டு போகிற இடத்தில் உள்ள சீல் தேய்ந்திருந்தால், அந்தக் காற்று கால் பிரேக்குக்கான முன் அறைக்கு வந்து, கால் பிரேக் லைன் வழியாகவே திரும்பி ரிலே வால்வின் வாயில் வெளியேறும். வால்வு பாவம், வழி விட்டதுதான் அது செய்த தப்பு.

சமதரையில் சக்கரத்துக்குக் கட்டை வைத்துவிட்டு ஹேண்ட் பிரேக்கை எடுத்துப் பாருங்கள், போட்டும் பாருங்கள். எடுத்தால் சத்தம், போட்டால் நின்றுவிடுகிறது என்றால் பூஸ்டர்தான். இரண்டிலும் ஒரே மாதிரி போனால் வால்வு. பெடலை மிதிக்கும்போது மட்டும் பூஸ்டர் பக்கம் காற்று போனால் முன் அறை ரப்பர் டயாபிரம் கிழிந்திருக்கும். எந்தப் பக்கத்து பூஸ்டர் என்று தெரிய, சத்தம் வரும்போதே கால் பிரேக் ஹோஸை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள், எந்த பூஸ்டரின் வாயில் காற்று வருகிறதோ அதுதான்.

ஒன்று மட்டும், ஸ்பிரிங் இருக்கிற பக்கத்து கிளாம்பை நீங்களாகக் கழற்றாதீங்க. உள்ளே இருக்கிற ஸ்பிரிங் ஆளையே கொன்றுவிடும். போல்ட் போட்டு ஸ்பிரிங்கை இழுத்துக் கட்டிவிட்டு பூஸ்டரையே முழுசாகக் கழற்றுங்கள்.

ஆற்காடு டிப்பர்:
அப்போ வியாழக்கிழமைக்கு அந்த லைனை அடைத்துவிட்டு ஓட்டலாமே?

பழைய ஸ்பேனர்:
மலையிலா? இன்னா பேச்சு இது! இறக்கத்தில் பெடலை மிதித்து மிதித்து விட்டால் டேங்க் காற்று இறங்கும், ஐந்து கிலோவுக்குக் கீழே போனால் ஸ்பிரிங் தானாகப் பிடிக்க ஆரம்பித்து டிரம் தீய்ந்த வாசம் வரும். இதில் ஒரு பக்கம் பிரேக்கே இல்லாமலா?

ஜங்ஷன்காரர்:
நான் ரயில்வேயில் இருந்தவன். காட்பாடியில் வந்து நிற்கிற ரயிலிலும் இதே கதைதான்: பிரேக் பைப்பில் 5 கிலோ இருந்தால் சக்கரம் விடும், காற்று போனால் பிடிக்கும். வெஸ்டிங்ஹவுஸ் 1872-லேயே இந்தத் தத்துவத்தைக் கொண்டுவந்துவிட்டார். பழுது வந்தால் வண்டி நிற்கணும், ஓடக்கூடாது.

சேண்பாக்கம் லாரி:
அண்ணே, ஹேண்ட் பிரேக்கைப் போட்டதும் சத்தம் கப்பென்று நின்றுவிட்டது! இடது பூஸ்டர்தான். வேறு பூஸ்டர் மாட்டியாச்சு, முள் 8-ல் நிற்கிறது. பழையதைக் கடையில் பிரித்தபோது சீல் எண்ணெய் குடித்து ஊறிப்போய் இருந்தது. காற்று டேங்க் அடியில் தண்ணீர் வடிக்கிற காக்கைத் (திருகு) திறந்தால் மோர் மாதிரி வெள்ளையாக ஊற்றுகிறது. காற்றின் ஈரத்தை எடுக்கிற டிரையர் பில்டரை மாற்றினால் சரியாகிவிடுமா?

பழைய ஸ்பேனர்:
தண்ணீர் மட்டும் வந்தால் பில்டர் போதும். எண்ணெய் வருகிறது என்றால் காற்றடிக்கிற கம்ப்ரஸரின் பிஸ்டன் ரிங்கைப் பாருங்கள், இல்லாவிட்டால் புது பில்டரும் புது சீலும் சேர்ந்தே கெடும். அதுவரைக்கும் தினமும் காலையில் காக்கைத் திறந்துவிடச் சொல்லி கிளீனரிடம் சொல்லுங்க.