படகு ஜெட்டியில் ராத்திரி முழுக்க நிற்கும் சைக்கிளுக்கு எந்தப் பூட்டு தாங்கும்?

வடகடல்: மண்டபத்தில் விசைப்படகில் வேலை. காலையில் ஜெட்டி ஓரம் சைக்கிளை விட்டுவிட்டுக் கடலுக்குப் போனால் மறுநாள் காலைதான் திரும்புவேன். சில மாதங்களுக்கு முன் என் பழைய வண்டியை யாரோ தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள், பின்சக்கரப் பூட்டு பூட்டித்தான் இருந்தது. இப்போது ஓட்டுவது பிளஸ் 1-ல் மகளுக்குக் கொடுத்த அரசு சைக்கிள். இதுவும் போனால் வீட்டுக்குள் விடமாட்டார்கள். கேபிள் பூட்டு ஒன்று வாங்கினேன், இரண்டே மாதத்தில் உப்புக் காற்றில் இறுகிச் சாவி உள்ளேயே ஒடிந்துவிட்டது. என்ன செய்யலாம்?

கீழக்கரை கடைக்காரன்: தம்பி, பின்சக்கரப் பூட்டு சக்கரத்தைச் சுற்றவிடாது, அவ்வளவுதான். இரண்டு பேர் தூக்கி லோடு ஆட்டோவில் போட்டால் முடிந்தது. அதனால் சைக்கிளின் ஃபிரேமையும் ஒரு சக்கரத்தையும் சேர்த்து, அசையாத ஏதோ ஒன்றோடு கட்ட வேண்டும். கேபிளை மறந்துவிடுங்கள், வலை இழுக்கும் விஞ்சின் இரும்பு ரோப்பை வெட்டும் கட்டர் படகுக்குப் படகு கிடக்கிற இடத்தில் அது நூல் மாதிரிதான். பழைய இரும்புக் கடையில் 10 மில்லிமீட்டர் சங்கிலி ஒன்றரை மீட்டர் எடை போட்டு வாங்குங்கள். அதையும் வெட்டலாம்தான், ஆனால் நேரமும் சத்தமும் ஆகும். பூட்டு பித்தளை உடம்பாக இருக்கட்டும், சாவித் துவாரம் கீழே பார்க்கும்படி பூட்டுங்கள். தேங்காய் எண்ணெய் விடாதீர்கள், மணல் ஒட்டிக் கூழாகிவிடும். பென்சில் கரியைப் பொடி செய்து போட்டாலே சாவி திரும்பும். 1914-ல் கட்டிய பாம்பன் ரயில் பாலமே துருப்பிடித்து 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்த வேண்டியதாயிற்று, உங்கள் பூட்டு எம்மாத்திரம்!

தொண்டி அக்கா: பூட்டு சரி, ஆனால் அரசு சைக்கிள் எல்லாம் ஒரே நிறம், ஒரே அச்சு. என் மகன் பள்ளியில் திருட்டே இல்லாமல் இரண்டு தடவை வண்டி மாறிப் போயிருக்கிறது. சீட் குழாயிலோ பெடல் அச்சுக்கு அடியிலோ நம்பர் குத்தியிருப்பார்கள், அதைப் படம் எடுத்து வையுங்கள். போன் நம்பரைத் துண்டுக் காகிதத்தில் எழுதி பிளாஸ்டிக்கில் சுற்றி சீட் குழாய்க்குள் போடுங்கள். காணாமல் போனால் ஸ்டேஷனில் நம்பரோடு புகார் கொடுத்து, அதைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்கிவிடுங்கள். நம்பர் இல்லாவிட்டால் வண்டி கண் முன்னால் நின்றாலும் உங்களுடையது என்று எப்படிச் சொல்வீர்கள்?

வடகடல்: பழைய வண்டிக்கு நம்பரே பார்த்ததில்லை அக்கா, அதனால் புகாரும் கொடுக்கவில்லை. இதில் மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்த பிறகுதான் கண்ணில் பட்டது, மகள் போனில் படம் எடுத்துவிட்டாள். சங்கிலி உரசிப் பெயின்ட் போகுமே என்று பழைய டியூபை உறை மாதிரி மாட்டியிருக்கிறேன்.

கீழக்கரை கடைக்காரன்: மாட்டுங்கள், ஆனால் வாரம் ஒரு தடவை உருவி நல்ல தண்ணீரில் கழுவிக் காயவையுங்கள். உள்ளே உப்புத் தண்ணீர் தேங்கினால் வெளியே தெரியாமலே அரித்துவிடும்.

வடகடல்: சரி அண்ணே. படகு கட்டுகிற கல்தூணில் கட்டலாமா? அதை யாரும் அசைக்க முடியாது.

தொண்டி அக்கா: வேண்டவே வேண்டாம். அடுத்த படகுக்காரன் கயிறு போட இடமில்லை என்றால் சைக்கிள் தண்ணீருக்குள் போகும், அதற்கு சி.எஸ்.ஆர். எல்லாம் கிடையாது. ஐஸ் கம்பெனி வாசலில் ராத்திரி விளக்கு எரியும், வாட்ச்மேனும் இருப்பார், அங்கே கேட்டுப் பாருங்கள்.

வடகடல்: கேட்டுவிட்டேன் அக்கா. கேட் கம்பியில் கட்டிக்கொள்ளச் சொன்னார், வரும்போது குழம்புக்கு மீன் வேண்டுமாம்.