டென்வர் போஸ்ட்டைக் கரைத்தது ஹெட்ஜ் ஃபண்டா, காலமா?

செந்தில்_டென்வர்
நான் இருக்கும் ஊர் என்பதால் ஆரம்பிக்கிறேன். அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் உள்ள டென்வரில் ஒரு காலத்தில் இரண்டு பெரிய நாளிதழ்கள். ராக்கி மவுண்டன் நியூஸ் 2009 பிப்ரவரி 27 அன்று கடைசி இதழை அச்சடித்தது. 150 வயது நிறைய இரண்டு மாதம்கூட இல்லை. மிஞ்சிய டென்வர் போஸ்ட், பணக்காரர்களின் பணத்தைத் திரட்டி முதலீடு செய்யும் ஆல்டன் குளோபல் கேபிடல் என்ற ஹெட்ஜ் ஃபண்டின் கைக்குப் போனது. 2018இல் இன்னும் 30 பேரை அனுப்பப் போவதாக அறிவிப்பு வந்ததும், பத்திரிகையின் தலையங்கப் பக்கமே சொந்த முதலாளியைப் பிணந்தின்னிக் கழுகு என்று எழுதியது. 250 பேருக்கு மேல் இருந்த செய்திப் பிரிவு அப்போது 100க்கும் கீழே. அடுத்த மாதமே அந்தப் பக்கத்தின் ஆசிரியர் சக் பிளங்கெட் ராஜினாமா செய்தார்.

நஷ்டம் என்றால் ஆட்குறைப்பைப் புரிந்துகொள்ளலாம். ஆனால் ஆல்டனின் பத்திரிகைக் குழுமம் 2017 நிதியாண்டில் கிட்டத்தட்ட 16 கோடி டாலர் லாபம் பார்த்ததாக ஊடக ஆய்வாளர் கென் டாக்டர் கணக்கு வெளியிட்டார். அப்படியானால் இது கொள்ளைதானே? எல்லாப் பழியையும் இணையத்தின் மேல் போடுவதை நான் ஏற்கவில்லை.

வரவுசெலவு
செந்தில் சார், கோபம் நியாயம். காரணம் தப்பு. அமெரிக்க நாளிதழ்கள் நிருபர்களுக்குச் சம்பளம் கொடுத்தது பெரும்பாலும் சந்தாவில் இருந்து அல்ல. பழைய கார், வாடகை வீடு, வேலைக்கு ஆள் என்ற வரி விளம்பரங்களில் இருந்தும் கடைக்காரர்களின் விளம்பரங்களில் இருந்தும்தான். கிரெய்க்ஸ்லிஸ்ட் என்ற இணையதளம் வந்து வரி விளம்பரத்தை இலவசமாக்கியது. மிச்சத்தை கூகுளும் ஃபேஸ்புக்கும் எடுத்துக்கொண்டன. பியூ ஆய்வு மையத்தின் கணக்கில் 2005 வாக்கில் சுமார் 4,900 கோடி டாலராக இருந்த விளம்பர வருமானம் 2020இல் 1,000 கோடிக்கும் கீழே இறங்கிவிட்டது. நாளிதழ்ச் செய்திப் பிரிவுகளில் 2008இல் 71,000 பேர், 2020இல் 31,000 பேர்.

அப்புறம், ராக்கி மவுண்டன் நியூஸின் முதலாளி ஹெட்ஜ் ஃபண்ட் அல்ல. ஸ்கிரிப்ஸ் என்ற பழைய பத்திரிகை நிறுவனம். அதனாலும் காப்பாற்ற முடியவில்லையே?

நிர்மலா கே.
இரண்டு பேரும் பணத்தைப் பேசுகிறீர்கள். அந்த 40,000 பேர் என்ன வேலை செய்தார்கள் என்பதைக் கொஞ்சம் பாருங்கள்.

லாஸ் ஏஞ்சலஸ் பக்கத்தில் பெல் என்று ஒரு சின்ன ஊர் இருக்கிறது. உழைப்பாளிக் குடும்பங்கள், பெரும்பாலும் லத்தீன் மக்கள். 2005இல் ஊரின் சாசனத்தை மாற்ற ஒரு சிறப்புத் தேர்தல் வைத்தார்கள். 400 ஓட்டுகூட விழவில்லை. அந்த மாற்றத்தால் நகரமன்ற உறுப்பினர் சம்பளத்துக்கு மாநிலச் சட்டம் வைத்திருந்த வரம்பு கழன்றுவிட்டது. 2010இல் லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸ் நிருபர்கள் ஜெஃப் காட்லீப், ரூபன் விவஸ் இருவரும் பக்கத்து ஊரான மேவுட்டின் விவகாரத்தை விசாரிக்கப் போய், பெல் நகர நிர்வாகியின் சம்பள ஆவணத்தையும் கேட்டு வாங்கினார்கள். அந்த நிர்வாகி ராபர்ட் ரிஸ்ஸோ ஆண்டுக்கு 7,87,000 டாலர் வாங்கிக்கொண்டிருந்தார். நாட்டின் அதிபருக்கே 4 லட்சம்தான். பகுதிநேர நகரமன்ற உறுப்பினர்களில் பெரும்பாலோருக்கு 1 லட்சம் டாலர் அளவுக்குப் போய்க்கொண்டிருந்தது. வரி கட்டியதெல்லாம் அந்த ஏழை ஜனம். பிறகு ரிஸ்ஸோவுக்கு 12 ஆண்டு சிறை கிடைத்தது, பத்திரிகைக்கு 2011இல் பொதுச்சேவைக்கான புலிட்சர் விருது கிடைத்தது.

அதே டைம்ஸ் 2024 ஜனவரியில் செய்திப் பிரிவிலிருந்து குறைந்தது 115 பேரை அனுப்பியது. அடுத்த பெல்லில் சம்பள ஆவணத்தை யார் கேட்கப் போகிறார்கள்?

வரவுசெலவு
மேடம், 2005இல் டைம்ஸின் செய்திப் பிரிவு இப்போதையதைவிட மிகப் பெரியது. ஐந்து வருடம் அந்த நகரமன்றத்தை யாரும் எட்டிப்பார்க்கவில்லை. ஏழை ஊர்களைப் பெரிய பத்திரிகைகள் வசதியான காலத்திலும் கவனிக்கவில்லை என்பதைத்தான் பெல் காட்டுகிறது. பொற்காலம் என்று ஒன்று இருந்ததாகவே எனக்குத் தோன்றவில்லை.

இன்னொரு பக்கம் பாருங்கள். டென்வர் போஸ்ட்டிலிருந்து வெளியேறியவர்கள் 2018இலேயே கொலராடோ சன் என்ற செய்தித் தளத்தைத் தொடங்கினார்கள். அது 2023இல் லாப நோக்கமற்ற நிறுவனமானது. மிசிசிப்பி டுடே என்ற லாப நோக்கமற்ற தளத்தில் அன்னா வுல்ஃப், ஏழைகளுக்கான நலநிதி எப்படித் திருப்பிவிடப்பட்டது என்று தோண்டி எழுதி 2023இல் புலிட்சர் வாங்கினார். பால்டிமோர் பேனர் என்ற அதேபோன்ற தளம் 2022இல் பிறந்தது, 2025இல் உள்ளூர்ச் செய்திக்கான புலிட்சர் பெற்றது. வேலை இடம் மாறியிருக்கிறது. செத்துப்போகவில்லை.

ராஜன் (பழைய டெஸ்க்)
பென்சில்வேனியாவில் ஓர் உள்ளூர் நாளிதழின் டெஸ்க்கில், அதாவது செய்தியைத் திருத்திப் பக்கம் அமைக்கும் பிரிவில், இருந்தவன் நான். விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். பெயர் வேண்டாம். "வேலை இடம் மாறியிருக்கிறது" என்கிறீர்களே தம்பி, என் வேலை நிஜமாகவே இடம் மாறியது. பக்க வடிவமைப்பும் பிழை திருத்தமும் வேறு மாநிலத்தில் இருக்கும் ஒரு மையத்துக்குப் போனது. எங்கள் ஊர்த் தெருப் பெயரைத் தப்பாகப் போட்டால் கண்டுபிடிக்க அங்கே ஆள் இல்லை. அச்சகம் தூரமானதால் பக்கம் முடிக்கும் நேரம் மாலைக்கு வந்தது. வெள்ளிக்கிழமை இரவு நடக்கும் பள்ளி ஃபுட்பால் முடிவு சனிக்கிழமைத் தாளில் வராது. அந்த ஒரு பக்கத்துக்காகவே தாள் வாங்கிய பெற்றோர்கள் இருந்தார்கள்.

மிச்சமிருந்த நிருபர் காலையில் நீதிமன்றம், மதியம் தீ விபத்து, நடுவில் போனில் வீடியோ. சாயங்காலம் எந்தச் செய்தியை எத்தனை பேர் இப்போது படிக்கிறார்கள் என்று சார்ட்பீட் திரையைப் பார்த்துத் தலைப்பை மாற்றணும். வரி மதிப்பீட்டு வாரியக் கூட்டத்துக்குப் போனால் அந்தத் திரையில் எண் ஏறாது. அதனால் போவதை விட்டார்கள்.

கேனட் என்ற நாளிதழ்க் குழுமம் 2023இல் பள்ளி விளையாட்டுச் செய்திகளை எழுத ஒரு செயற்கை நுண்ணறிவுக் கருவியைச் சில தாள்களில் வைத்துப் பார்த்தது. கொலம்பஸ் டிஸ்பாட்சில் வந்த கால்பந்துச் செய்தியில், அணியின் சின்னப் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் "வென்ற அணியின் சின்னம்" என்று அடைப்புக்குறிக்குள் அப்படியே வெளியானது. வாசகர்கள் கொதித்த பிறகு நிறுத்திவைத்தார்கள். ஒரு துணை ஆசிரியர் ஒரு தடவை கண்ணை ஓட்டியிருந்தால் அது வந்திருக்காது.

செந்தில்_டென்வர்
ராஜன் அண்ணா சொன்னதுதான் என் வாதமும். வருமானம் சரிந்தது உண்மை, வரவுசெலவு சார் அதை நன்றாகவே காட்டிவிட்டார். ஆனால் வந்த பணத்தை எங்கே போட்டார்கள் என்பது தனிக் கேள்வி. ஆல்டன் 2021இல் சிகாகோ டிரிப்யூன் குழுமத்தை வாங்கி முடித்த சில நாட்களிலேயே விருப்ப ஓய்வு ஓலை போனது. புதிய முதலீடு எதுவும் வருமுன்னே பழைய கைகள் வெளியே போயின.

லாப நோக்கமற்றவை பற்றியும் ஒன்று. டென்வரைச் சுற்றியுள்ள சின்ன ஊர்த் தாள்கள் இரண்டு டஜன் அளவுக்கு 2021இல் ஓர் அறக்கட்டளையின் கைக்கு வந்தன. கொலராடோ சன்னும் அதில் பங்காளி. எங்களுக்கெல்லாம் பெரிய நிம்மதி. 2025இல் அந்த அறக்கட்டளை பெரும்பாலானவற்றை அரிசோனா நிறுவனம் ஒன்றுக்கு விற்றுவிட்டது. நன்கொடையை நம்பி எத்தனை ஊரை நடத்த முடியும்?

வரவுசெலவு
சரி, அந்த விற்பனை எனக்கும் வருத்தம்தான். அப்படியானால் சந்தா தவிர வேறு வழி இல்லை. நல்ல நிருபர்கள் சப்ஸ்டாக் என்ற இணையத் தளத்தில் தனியாக எழுதி வாசகரிடம் நேரடியாகக் காசு வாங்குகிறார்கள். ஆல்டனும் வேண்டாம், அறக்கட்டளையும் வேண்டாம்.

நிர்மலா கே.
அது இருபது வருடம் ஒரு பெரிய பத்திரிகையில் பெயர் சம்பாதித்தவருக்குச் சரி. முதல் வேலையில் கவுன்டி (மாவட்ட) நீதிமன்றத்துக்குப் போகும் 24 வயதுப் பெண்ணுக்கு யார் சந்தா கட்டுவார்கள்? அவள் எழுதியதற்கு யாராவது வழக்குப் போட்டால் வக்கீல் செலவு யாருடையது? 2023 ஆகஸ்டில் கான்சாஸின் மேரியன் கவுன்டி ரெக்கார்ட் என்ற சின்ன வார இதழின் அலுவலகத்துக்குள் போலீஸ் புகுந்து கணினிகளையும் போன்களையும் அள்ளிக்கொண்டு போனது. வெளியீட்டாளரின் வீட்டிலும் சோதனை. அவருடைய 98 வயது அம்மா, பத்திரிகையின் இணை உரிமையாளர், மறுநாள் இறந்துபோனார். அப்படியும் அடுத்த இதழைக் குறித்த நாளில் கொண்டுவந்தார்கள். ஒரு அலுவலகமும் கூட்டாளிகளும் இருந்ததால் முடிந்தது. தனியாக உட்கார்ந்து எழுதுகிறவருடைய ஒரே லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு போனால் அந்த வாரம் என்ன வெளிவரும்?

ராஜன் (பழைய டெஸ்க்)
நிர்மலாம்மா கேட்டது நியாயம். சப்ஸ்டாக்கில் டெஸ்க்கும் கிடையாது. நிருபர் எழுதியதை இரவு பத்து மணிக்குப் படித்து, "இந்த எண்ணை யார் சொன்னது, ஆவணம் எங்கே" என்று போன் போட்டுக் கேட்பதற்கு ஒருவர் வேண்டும். வாசகர் கட்டும் சந்தாவில் அவருக்கும் சம்பளம் வருகிறதா என்று பார்த்துக் கட்டுங்கள், தம்பி.