குடிநீர் நிலையத்துக்குச் சேர்க்கும் காசில் ஒரு பங்கு தோட்டத்துக்கும் போகட்டும்

சங்கத்து உறவுகள் எல்லோருக்கும் வணக்கம்.

ஊரில் ஆர்.ஓ. குடிநீர் நிலையம் (கிணற்று நீரை நுண்சவ்வால் வடிகட்டுகிற இயந்திரம்) போடுவது பற்றி ரொறன்ரோ அண்ணன்மாரும் லண்டன் அக்காமாரும் எழுதிய மடல்களை வாசித்தேன். நிலையம் வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை. கைக்குழந்தை இருக்கிற வீட்டுக்கு அது இன்றைக்கே வேண்டும். ஆனால் சேர்கிற காசு முழுவதையும் இயந்திரத்தில் போட்டுவிட்டுத் தோட்டத்தை அப்படியே விட்டால், கீழே வடிகட்டுகிற நைத்திரேற்றை (பசளையின் நைதரசன் மண்ணில் மாறி நீரில் கரைகிற உப்பு) மேலே இருந்து தொடர்ந்து ஊற்றிக்கொண்டுதான் இருப்போம். நான் இங்கே டென்மார்க்கின் யூலண்டில் பல வருடம் பன்றிப் பண்ணையிலும் அப்புறம் நீர் விநியோக வேலையிலும் இருந்தவன். அந்த அனுபவத்தை வைத்து எழுதுகிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

யாழ்ப்பாணத்து வலிகாமத்து நிலத்தை எல்லோரும் அறிவீர்கள். ஆறு இல்லை. ஐப்பசி தொடங்கி மார்கழி வரை பெய்கிற மாரி மழைதான் வருடம் முழுக்கக் குடிக்கவும் இறைக்கவும். அது செம்மண்ணுக்குள்ளால் இறங்கி, சுண்ணக்கல்லின் வெடிப்புகளில் தங்கி, அடியில் கிடக்கிற உப்புத் தண்ணிக்கு மேல் மிதக்கிறது. மணலுக்குள்ளால் மெல்ல வடிகிற தண்ணி வழியில் ஓரளவு துப்புரவாகும். வெடிப்பு விழுந்த கல்லில் அந்த வசதி குறைவு. பாத்தியில் ஊற்றியது நேரே கிணற்றுக்கு வந்துவிடும். கனடாவில் இருப்பவர்களுக்கு ஒன்ராறியோவின் வோக்கர்ட்டன் என்ற சிற்றூர் நினைவிருக்கும். 2000ஆம் ஆண்டு மே மாதம் பெருமழையோடு மாட்டெரு கலந்த நீர், வெடிப்புள்ள பாறையில் தோண்டிய ஆழமில்லாத ஊர்க் கிணற்றுக்குள் இறங்கியது. 7 பேர் இறந்தார்கள், 2,000 பேருக்கு மேல் நோயில் விழுந்தார்கள். அங்கே இறங்கியது கிருமி, எங்களுக்கு இறங்குவது நைத்திரேற்று. பாதை ஒன்றுதான். அந்த எருவைப் பரப்பிய கமக்காரர் முறைகேடாக எதையும் செய்யவில்லை என்று விசாரணையில் சொல்லப்பட்டதையும் மறக்கக்கூடாது. எங்கள் ஊர்க் கமக்காரரையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிக்கொண்டு இந்த வேலையைத் தொடங்க முடியாது.

நைத்திரேற்று எங்களுக்குப் புதுச் செய்தி அல்ல. வெங்காயம், மிளகாய், புகையிலைத் தோட்டங்களுக்கு நடுவில் உள்ள கிணறுகளில் அது உலகச் சுகாதார நிறுவனத்தின் எல்லையான லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டியிருப்பதை 1980களிலேயே ஆய்வு செய்து எழுதிவிட்டார்கள். இவ்வளவு காலமும் அது கிணற்றில் கிடந்தது, நாங்களும் குடித்து வளர்ந்தோம். கைக்குழந்தைகளின் உடம்பு நீலம் பாய்வதற்கும் கிணற்று நைத்திரேற்றுக்கும் உள்ள தொடர்பு 1945இல் அமெரிக்காவின் அயோவாவில்தான் முதலில் எழுதப்பட்டது. டென்மார்க்கில் 27 இலட்சம் பேரின் குடிநீர் விவரங்களை வைத்து 2018இல் வெளிவந்த ஆய்வு, லீற்றருக்கு 4 மில்லிகிராம் அளவிலேயே பெருங்குடல் புற்றுநோய் கொஞ்சம் கூடுதலாகக் காணப்படுவதைச் சொல்கிறது. இது தொடர்புதான், நிரூபணம் அல்ல. ஆனாலும் 50க்குக் கீழே என்றால் கவலை இல்லை என்று இருந்துவிட முடியாது. இன்னொன்று: ஊரில் அம்மா அப்பாவுக்குத் தொலைபேசி எடுக்கும்போது சொல்லுங்கள், கொதிக்கவைத்தால் நைத்திரேற்று போகாது. தண்ணி வற்ற வற்ற அதன் செறிவு கூடும்.

சரி, பசளை எப்படிக் கிணற்றுக்குப் போகிறது? யூரியாவில் நூற்றுக்கு 46 பங்கு நைதரசன். சூடான ஈர மண்ணில் அது சில நாளில் அமோனியமாகி, ஒன்றிரண்டு கிழமைக்குள் பெரும்பாலும் நைத்திரேற்றாகிவிடும். அமோனியத்தை மண் பிடித்துவைக்கும். நைத்திரேற்றைப் பிடிக்காது, தண்ணி போகிற இடமெல்லாம் அதுவும் போகும். வெங்காயத்தின் வேர் பெரும்பாலும் ஒரு அடிக்கு உள்ளேயே நிற்கும். அந்த ஒரு அடியைத் தாண்டி இறங்குகிற தண்ணி, கமக்காரர் காசு கொடுத்து வாங்கிய நைதரசனையும் கொண்டுதான் இறங்குகிறது. ஆகவே எவ்வளவு பசளை போட்டோம் என்பது பாதிக் கேள்விதான். எப்போது போட்டோம், போட்ட பிறகு எவ்வளவு இறைத்தோம் என்பது மற்றப் பாதி. துலா மிதித்துப் பட்டையால் இறைத்த காலத்தில் ஒவ்வொரு பட்டைத் தண்ணிக்கும் மனித உழைப்பு இருந்தது. மிசின் வந்த பிறகு வாய்க்கால் நிரம்பிப் பாத்தி ததும்பும் வரை ஓடவிட முடிகிறது. உழைப்பு மிச்சமானது நல்ல விஷயம். ஆனால் வேருக்குக் கீழே போகும் தண்ணி கூடியது அப்போதுதான். அடித்தளம் போடாத மலக்குழிகளும் தங்கள் பங்கைச் சேர்க்கின்றன, அது தனியே பேசவேண்டிய விஷயம்.

இங்கே ஒரு கணக்கைப் பாருங்கள், இதைத்தான் ஊரில் ஒவ்வொரு கமக்காரருக்கும் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன். லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்று உள்ள கிணற்றிலிருந்து ஒரு பருவத்துக்கு 500 மில்லிமீட்டர் உயரத் தண்ணி இறைத்தால், அந்தத் தண்ணியோடு மட்டும் ஹெக்டேயருக்கு ஏறத்தாழ 56 கிலோ நைதரசன் பயிருக்குப் போகிறது. யூரியாவாகச் சொன்னால் 120 கிலோவுக்கு மேல். எங்கள் ஊர் நில அளவான ஒரு பரப்புக்கு ஏறத்தாழ 3 கிலோ. கிணறு ஏற்கெனவே பசளை இறைக்கிறது. அதைக் கழித்துக்கொள்ளாமல் பையில் உள்ளதை முழுக்கப் போடுவதால், கூடினது திரும்பக் கிணற்றுக்கே வருகிறது. கிணற்று நீரை அளந்து பார்த்தால் எவ்வளவு யூரியாவைக் குறைக்கலாம் என்று தோட்டத்துக்குத் தோட்டம் சொல்லிவிடலாம்.

டென்மார்க்கில் குழாயில் வருவது ஏறக்குறைய முழுக்க நிலத்தடி நீர்தான், காற்றூட்டி மணலில் வடித்து அனுப்புவதோடு சரி. ஆகவே நிலத்துக்கு மேலே நடப்பதை அடக்குவதைத் தவிர இவர்களுக்கு வேறு வழி இருக்கவில்லை. 1986 ஒக்ரோபரில் கில்லலைய என்ற துறைமுக ஊர் மீனவர்கள் கடலில் ஒட்சிசன் இல்லாமல் செத்த சிங்க இறால்களைக் கரைக்குக் கொண்டுவந்ததை நாடு முழுக்கத் தொலைக்காட்சியில் பார்த்தது. அடுத்த வருடமே பாராளுமன்றம் நைதரசன் இழப்பைப் பாதியாகவும் பொசுபரசு இழப்பை நூற்றுக்கு 80 பங்காலும் குறைக்கத் திட்டம் போட்டது. நான் வேலை செய்த பண்ணைகளில் அது என்னவாக வந்தது என்றால், பன்றிக் கழிவை ஒன்பது மாதம் வரை சேர்த்துவைக்கப் பெரிய தொட்டி, பயிர் இல்லாத வெறும் நிலத்தில் இலையுதிர் காலத்தில் அதை ஊற்றத் தடை, விசிறி அடிப்பதை விட்டுக் குழாய் வைத்து நிலத்தோடு ஒட்டவோ மண்ணுக்குள்ளோ செலுத்துவது, ஒவ்வொரு பண்ணைக்கும் ஆண்டு நைதரசன் கணக்கு. அறுவடை முடிந்ததும் முள்ளங்கி இனங்கள், கடுகு, புல் என்று பிடிபயிர் விதைப்பார்கள். விற்பதற்கு அல்ல, மண்ணில் மிஞ்சிய நைத்திரேற்றை மழை கழுவ முன்னம் வேரால் உறிஞ்சி வைத்திருப்பதற்கு. 2000களின் தொடக்கத்துக்குள் வேருக்குக் கீழே இறங்குகிற நைதரசன் ஏறத்தாழ பாதியாகிவிட்டது. பசளை எல்லை இறுக்கமாக இருந்ததால் கோதுமையில் புரதம் குறைகிறது என்று கமக்காரர்கள் விடாமல் வாதாடி, 2015 முடிவில் அதைத் தளர்த்தவும் வைத்தார்கள். கடல் இன்னும் தேறவில்லை. 2024இல் வைலே ஃபியோர்டு என்ற கடற்கழிக்கு மக்கள் இறுதிச் சடங்கே நடத்தினார்கள். இங்கே எல்லாம் முடிந்துவிட்டது என்று நான் சொல்லவில்லை. தோட்டத்தில் செய்யும் முறையை மாற்றினால் தண்ணி மாறும் என்பதை இந்த நாட்டின் அளவுகள் காட்டியிருக்கின்றன.

ஊருக்குப் பொருந்துவது அந்தப் பிடிபயிர்தான். கோடைப் பயிர் எடுத்த தோட்டம் மாரியில் வெறுமையாகக் கிடந்தால் மிஞ்சினது எல்லாம் முதல் பெருமழையோடு போய்விடும். சணல் விதைத்து மடக்கி உழுவது எங்கள் ஆட்களுக்குத் தெரிந்த வேலை. ஆனால் சணல் தானும் காற்றிலிருந்து நைதரசனைச் சேர்க்கும், மடக்கிய பிறகு போடும் யூரியாவை அதற்கேற்பக் குறைக்கவேண்டும். மிச்ச நைத்திரேற்றை உறிஞ்சத்தான் என்றால் குரக்கனும் சாமையும் இன்னும் பொருத்தம் என்பது என் எண்ணம். பொசுபரசு எங்களுக்குப் பெரிய தலையிடி இல்லை, இரும்பும் சுண்ணாம்பும் உள்ள மண் அதை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும்.

களைநாசினி பற்றி இங்கே கற்ற பாடம் நேரே எங்களைப் பார்த்துச் சொன்னது போல இருக்கிறது. டைகுளோபெனில் என்ற களைநாசினியை டென்மார்க்கில் வீட்டு முற்றம், நடைபாதை, தெருவோரம் என்று பயிர் இல்லாத இடங்களில்தான் கூடுதலாகப் போட்டார்கள். 1997இல் தடைசெய்தார்கள். அதன் சிதைவுப் பொருளால் மூடப்பட்ட கிணறுகள் ஏராளம், இன்றும் அது நீரில் அகப்படுகிறது. இங்கே எல்லை லீற்றருக்கு 0.1 மைக்ரோகிராம். ஊரில் யார் முற்றத்துக்கு அடிக்கிறார்கள்? வெளிநாட்டில் இருக்கிற எங்களுடைய பூட்டிக் கிடக்கும் வளவுகளைத் துப்புரவாக்கத்தான் பல இடங்களில் அடிக்கிறார்கள், கிணற்றுக் கட்டு வரைக்கும். பயிர் நிலத்திலாவது உழுத மண்ணும் வேரும் கொஞ்சம் தாங்கும், மேல்மண் மெல்லிய கல்லு வளவில் அதுவும் இல்லை. இன்னொரு களைநாசினியான க்ளைபோசேட் மண்ணில் ஒட்டிக்கொள்ளும், கீழே போகாது என்பார்கள். ஒட்டுவது உண்மை. ஆனால் இங்கே 1990களின் முடிவிலிருந்து வயல்களிலேயே அளந்துவருகிறார்கள், வெடிப்பும் புழுத் துளையும் உள்ள களிமண்ணில் அது வடிகால் குழாய் வரை இறங்கியதைக் கண்டிருக்கிறார்கள். அடித்த கையோடு பெருமழை வந்தால்தான் இழப்பு அதிகம். மாரி தொடங்கும் நேரத்தில்தான் வளவில் புல் வளர்கிறது, அப்போதுதான் அடிக்கிறார்கள். ஆள் பிடித்து வெட்டுவிக்கக் கூலி கூட என்பது தெரியும். அந்தக் கூலியைக் கொடுக்கக்கூடியவர்கள் நாங்கள்.

தடைபோட்டால் முடியும் என்று ஒரு அண்ணன் எழுதியிருந்தார். க்ளைபோசேட்டை இலங்கை 2015இல் தடைசெய்து, 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் விட்டு, 2022இல் முழுக்கத் திறந்துவிட்டது. 2021இல் இரசாயனப் பசளை இறக்குமதியை ஒரேயடியாக நிறுத்தி, அந்த வருட முடிவிலேயே கைவிட்டார்கள், அதற்குள் கமக்காரர் பட்டது எல்லோருக்கும் தெரியும். போர்க்காலத்தில் யூரியா எங்களுக்குத் தடைப்பட்ட பொருளாக இருந்ததையும் ஊர் மறக்கவில்லை. பசளையைப் பறிக்கவந்தவர்கள் என்று எங்களை ஒருதரம் நினைத்துவிட்டால் பிறகு யாரும் பேச்சுக்கே வரமாட்டார்கள். கமக்காரர் கூடுதலாகப் போடுவது அறியாமையால் அல்ல. கடன் பட்டு விதை வெங்காயம் வாங்கினவருக்கு விளைச்சல் குறையுமோ என்ற பயம். அந்தப் பயத்தை நாங்கள் பங்கெடுத்தால்தான் யூரியா குறையும்.

ஆகவே நான் கேட்பது இவ்வளவுதான். நிலையத்துக்குச் சேர்கிற காசில் நாலில் ஒரு பங்கை ஒதுக்குங்கள். முதலில் தோட்டக் கிணறுகளையும் குடிக்கும் கிணறுகளையும் மாரிக்கு முன்னும் பின்னும் அளப்பிக்க வேண்டும். பல்கலைக்கழக ஆய்வுகூடத்தையும் கமநல சேவை நிலையத்தையும் கேட்டுப் பார்க்கலாம். விருப்பமுள்ள சில கமக்காரர் ஒரு பகுதிப் பாத்தியில் மட்டும் கிணற்று நைதரசனைக் கழித்து, யூரியாவைச் சிறு சிறு தடவையாகப் போட்டு, தூவல் முறையிலோ சொட்டு நீரிலோ இறைத்துப் பார்க்கட்டும். அந்தப் பாத்தியில் விளைச்சல் குறைந்தால் குறைந்ததைச் சங்கம் ஈடுசெய்யும் என்று எழுத்தில் கொடுப்போம். நிலையத்தின் கழிவு நீரில் நைத்திரேற்று இன்னும் செறிவாக இருக்கும், அதை ஊறுகுழியில் விடாமல் எங்கே கொண்டுபோவது என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதவேண்டும்; இதுவரை வந்த திட்ட மடலில் அதைப் பற்றி ஒரு வரியும் இல்லை. ஊரில் வளவு உள்ளவர்கள், பார்த்துக்கொள்பவரிடம் கிணற்றுப் பக்கம் களைநாசினி அடிக்க வேண்டாம் என்று இந்தக் கிழமையே சொல்லிவிடுங்கள், அதற்குக் கூட்டமும் தீர்மானமும் தேவையில்லை.

ஒஸ்லோவிலும் சிட்னியிலும் விவசாயம், நீர் வேலையில் இருக்கிற தம்பி தங்கையர் கணக்கில் பிழை இருந்தால் இந்த இழையிலேயே திருத்துங்கள். நாலில் ஒரு பங்கு கூடவா குறைவா என்பதைச் செயற்குழு அடுத்த கூட்டத்தில் எடுக்கட்டும்.